மதுவை நிறுத்த விரும்புவோரின் துணைக் கூட்டங்கள்: தேடுவதும் போவதும்

சொந்தக் காணிக்குத் திரும்பி வந்திருக்கிறீர்கள். பற்றை வெட்டி, கிணறு இறைத்து, தறப்பாள் கொட்டிலில் இருந்துகொண்டே வீட்டுக்கு அத்திவாரம் வெட்டத் தொடங்கியிருப்பீர்கள். பல வீடுகளுக்குள் இருக்கின்ற, ஆனால் படலைக்கு வெளியே பேசப்படாத ஒரு விடயம் பற்றியது இந்தப் பாடம். உங்கள் வீட்டில் யாராவது மதுவை விட முடியாமல் இருந்தால், அல்லது நீங்களே அப்படி இருந்தால், இதை முழுமையாக வாசியுங்கள். வாசிக்கச் சிரமப்படுபவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

ஒரு குடும்பத்தின் கதை

இது ஒரு குடும்பத்தின் கதை மட்டுமல்ல. பல குடும்பங்களில் நடப்பவற்றைச் சேர்த்து எழுதியிருக்கிறோம்.

அப்பா கடற்றொழிலாளர். யுத்தத்தில் படகும் போனது, கூடப்பிறந்த தம்பியும் போனார். நலன்புரி நிலையத்தில் இருந்த நாட்களில் நித்திரை வரவில்லை. யாரோ கொடுத்த சாராயத்தைக் குடித்தபோது அன்றிரவு நித்திரை வந்தது. ஊருக்குத் திரும்பிய பிறகு அது நாளாந்தப் பழக்கமாயிற்று. வீட்டுத்திட்டத்தின் முதற்கட்டப் பணம் வந்தது. அத்திவாரம் பாதியில் நின்றது, மீதிப் பணம் தவறணைக்கும் கசிப்புக்கும் போனது. அத்திவாரம் முடிந்தால்தான் அடுத்த கட்டப் பணம் வரும். அம்மா சங்கிலியை அடகு வைத்தார். அப்பா வரும் சத்தம் கேட்டால் மூத்த மகள் புத்தகத்தை மூடிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவாள்.

ஒரு நாள் அவர் கோயிலில் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் செய்தார். அன்றிலிருந்து ஒரு துளியும் தொடவில்லை. அடுத்த நாள் கை நடுங்கியது, உடம்பெல்லாம் வியர்த்தது. மூன்றாம் நாள் இரவு, இல்லாத ஆட்களோடு கதைக்கத் தொடங்கினார். பேய் பிடித்துவிட்டது என்று வீட்டார் பயந்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா வற்புறுத்தியதால் வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். அந்த வற்புறுத்தல்தான் அவருடைய உயிரைக் காப்பாற்றியது.

வீடு திரும்பும் நாளில் உளநலப் பிரிவில் இருந்தவர்கள் ஒரு கூட்டத்தைப் பற்றிச் சொன்னார்கள். கிழமைக்கு ஒரு நாள், குடியை விட்டவர்களும் விட விரும்புபவர்களும் கூடும் இடம். முதற் கிழமை அவர் வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். இரண்டாம் கிழமையும் வெளியில் நின்றார். அப்போது வயதான ஒருவர் எழுந்து வந்து சொன்னார்: “தம்பி, நானும் முதல் நாள் இந்தப் படலையடியிலதான் நிண்டனான். வாரும், ஒரு பிளேன்ரீ குடிச்சிட்டுப் போகலாம்.”

அவர் உள்ளே போனார். அதன் பிறகு நடந்ததைப் பாடத்தின் கடைசியில் சொல்கிறோம்.

இது கெட்ட குணமா, நோயா?

குடிப்பவர் எல்லோரும் மதுவுக்கு அடிமையானவர் அல்லர். கீழே உள்ள கேள்விகளை நிதானமாக இருக்கும் ஒரு நேரத்தில் உங்களையே கேளுங்கள்.

• இன்று கொஞ்சம்தான் என்று தொடங்கி, நிறுத்த முடியாமல் போகிறதா?
• காலையில் குடிக்காவிட்டால் கை நடுங்குகிறதா?
• முன்பு குடித்த அளவு இப்போது போதாமல் இருக்கிறதா?
• குடியினால் வேலை, பணம், உடம்பு, குடும்பம் கெடுவது தெரிந்தும் தொடர்ந்து குடிக்கிறீர்களா?
• எங்கே, எப்படிக் குடிக்கலாம் என்ற நினைப்பிலேயே நாளின் பெரும்பகுதி போகிறதா?

இவற்றில் பலவற்றுக்கு ‘ஆம்’ என்பது விடையானால், அது ஒரு நோய்நிலை. மருத்துவ உலகம் அதை அப்படித்தான் வகைப்படுத்தியிருக்கிறது. நீரிழிவைப் போல நீண்டகாலம் கவனிக்க வேண்டிய நோய் இது. மனவுறுதி இல்லாதவர், கெட்டவர் என்று சொல்வதால் யாருக்கும் சுகம் வருவதில்லை. அதே நேரம், நோய் என்று சொல்வதால் வீட்டாரை அடிப்பதும் பணத்தை அழிப்பதும் சரியாகிவிடாது. நோய்க்கு மருத்துவமும் துணையும் தேவை. செய்த செயலுக்குப் பொறுப்பும் ஏற்க வேண்டும்.

பெண்களுக்கும் இந்த நோய் வரும். அவர்கள் அதை இன்னும் ஆழமாக மறைக்க வேண்டியிருப்பதால் உதவி கேட்பதும் தாமதமாகிறது. இந்தப் பாடத்தில் சொல்லப்படும் எல்லாம் அவர்களுக்கும் உரியது.

முதலில் வைத்தியசாலை

நாளாந்தம் அதிகம் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் உயிராபத்து ஏற்படலாம். துணைக் கூட்டம் இதற்கு மருந்தல்ல. ஆகவே ஒழுங்கைக் கவனியுங்கள்: முதலில் வைத்தியர், பிறகு கூட்டம்.

நிறுத்திய முதல் நாளில் நடுக்கம், வியர்வை, வாந்தி, நித்திரையின்மை வரலாம். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாள் வரையில் புத்தி தடுமாறி, இல்லாததைக் காண்பதும் கேட்பதும் நடக்கலாம். கடும் காய்ச்சலும் படபடப்பும் கூடவே இருக்கும். இது பேயும் அல்ல, செய்வினையும் அல்ல. உடம்பு மதுவுக்குப் பழகிப்போனதன் விளைவு.

காலையிலேயே குடிக்கத் தொடங்குபவர், முன்பு நிறுத்தியபோது வலிப்போ புத்தித் தடுமாற்றமோ வந்தவர், வேறு கடுமையான நோய் உள்ளவர் ஆகியோர் வீட்டிலிருந்து தாமாகவே நிறுத்தக்கூடாது. அருகிலுள்ள அரச வைத்தியசாலைக்குப் போய், எவ்வளவு குடிக்கிறீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். சில நாட்களுக்குரிய மருந்தும் விற்றமின் பி1 சத்தும் கொடுத்து, ஆபத்தில்லாமல் நிறுத்த வைப்பார்கள். அரச வைத்தியசாலையில் இதற்குக் கட்டணம் இல்லை.

வலிப்பு வந்தால் அவரைப் பக்கவாட்டில் சரித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் வைக்க வேண்டாம். கையில் இரும்பு கொடுப்பதால் பயனில்லை. அதற்கு ஆகும் நேரத்தில் 1990 இலவச அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள்.

துணைக் கூட்டம் என்றால் என்ன?

குடியை விட்டவர்களும் விட விரும்புபவர்களும் ஒன்றாக இருந்து தங்கள் அனுபவத்தைப் பகிரும் கூட்டம் இது. அங்கே வைத்தியரோ ஆசிரியரோ இருக்கமாட்டார். எல்லோரும் ஒரே பாதையில் நடப்பவர்கள்.

இப்படியான கூட்டங்களில் உலகெங்கும் பரவியது அல்கஹோலிக்ஸ் அனோனிமஸ். ஏ.ஏ. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 1935ஆம் ஆண்டு அமெரிக்காவின் அக்ரன் நகரில், குடியிலிருந்து மீள முயன்ற ஒரு பங்குத் தரகரும், அதே நோயால் அவதிப்பட்ட ஒரு சத்திரசிகிச்சை வைத்தியரும் சந்தித்ததிலிருந்து அது தொடங்கியது. தன்னைப் போன்ற இன்னொருவரோடு கதைத்தால் குடிக்கும் ஆசை அடங்குகிறது என்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள். குடிப்பவர்களின் குடும்பத்தினருக்காக அல்-அனோன் என்ற குழு 1951இல் உருவானது. இலங்கையிலும் ஏ.ஏ. கூட்டங்கள் நடக்கின்றன. இவை தவிர, வைத்தியசாலைகளும் தொண்டு அமைப்புகளும் மதத் தலங்களும் நடத்தும் சுய உதவிக் குழுக்களும் உண்டு. அவற்றின் நடைமுறை இடத்துக்கு இடம் மாறுபடும்.

இவற்றால் பயன் உண்டா என்று கேட்பீர்கள். பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பு ஒன்று 2020இல் வெளியானது. முற்றாகக் குடிக்காமல் இருப்பதற்கு ஏ.ஏ. வழியும், அதில் சேரத் தூண்டும் சிகிச்சையும், மற்றைய சிகிச்சை முறைகளுக்குச் சமமாகவோ அவற்றை விட அதிகமாகவோ உதவுவதாக அது கண்டது. எல்லோருக்கும் ஒரே வழி பொருந்தாது. சிலருக்கு மருந்து, சிலருக்கு உளவளத்துணை, பலருக்கு இவை எல்லாம் சேர்ந்து தேவைப்படும்.

எங்கே கேட்பது?

1. வைத்தியசாலையின் உளநலப் பிரிவு. மாவட்ட, ஆதார, போதனா வைத்தியசாலைகளில் கேளுங்கள். உங்கள் வைத்தியசாலையில் அந்தப் பிரிவு இல்லாவிட்டால், எந்த நாளில் எங்கே உளநல கிளினிக் நடக்கிறது என்று வெளிநோயாளர் பிரிவில் சொல்வார்கள்.
2. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை. உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வரும்போதும் கேட்கலாம். பெண்களுக்கு இது இலகுவான வழி.
3. பிரதேச செயலகம். சமூக சேவை உத்தியோகத்தரையும் உளவளத்துணை உத்தியோகத்தரையும் சந்தியுங்கள்.
4. கோயில், தேவாலயம், பள்ளிவாசல். கூட்டங்களுக்கு மண்டபம் கொடுப்பவர்கள் இவர்களாக இருக்கலாம்.
5. 1926. தேசிய மனநல நிறுவனத்தின் தொலைபேசிச் சேவை. தமிழில் கதைக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லுங்கள்.

விவரம் கிடைத்ததும் இவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: எந்தக் கிழமை, எத்தனை மணி, எந்த இடம்? தமிழில் நடக்கிறதா? பெண்கள் வரலாமா? குடும்பத்தவர் கூட வரலாமா? முடியும் நேரத்துக்குப் பிறகு கடைசி பஸ் எத்தனை மணிக்கு? கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட காரணத்தால் ஒரு கூட்டத்தோடு நின்றுபோகக் கூடாது. ஒரே பக்கம் போகும் இன்னொருவர் இருக்கிறாரா என்றும் கேளுங்கள்.

ஏ.ஏ. கூட்டங்களில் இரண்டு வகை உண்டு. திறந்த கூட்டத்துக்கு மனைவி, பிள்ளை, நண்பர் எவரும் வரலாம். மூடிய கூட்டம் குடியை நிறுத்த விரும்புபவர்களுக்கு மட்டும்.

முதல் நாள் போகும்போது

பயமும் வெட்கமும் இயல்பு. அங்கே என்ன நடக்கும் என்று தெரிந்தால் கொஞ்சம் குறையும்.

பெரும்பாலும் ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் நடக்கும். சிறிது நேரம் அமைதியாக இருந்து தொடங்குவார்கள். ஒருவர் சிறு வாசிப்பு ஒன்றைச் செய்வார். பிறகு ஒவ்வொருவராகத் தங்கள் கதையைச் சொல்வார்கள்: எப்படிக் குடித்தேன், என்ன இழந்தேன், எப்படி நிறுத்தினேன், இன்று எப்படி இருக்கிறேன். ஒருவர் கதைக்கும்போது மற்றவர்கள் குறுக்கிடமாட்டார்கள், புத்தி சொல்லமாட்டார்கள், கேட்டுக்கொண்டிருப்பார்கள். கடைசியில் தேநீர் இருக்கலாம்.

நீங்கள் கதைக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. “இண்டைக்கு நான் கேட்டுக்கொண்டிருக்கிறன்” என்று சொன்னால் போதும். முகாமிலோ யுத்தத்திலோ நடந்தவற்றைச் சொல்லும்படி எவரும் கேட்க முடியாது. எவ்வளவு சொல்வது என்பது உங்கள் விருப்பம்.

பெயர் பதிவது பற்றிப் பலர் கேட்கிறார்கள். நீண்டகாலம் பதிவுகளுக்கும் விசாரணைகளுக்கும் முகம்கொடுத்த மக்களுக்கு இந்தக் கேள்வி நியாயமானது. ஏ.ஏ. கூட்டத்தில் வரவுப் பதிவேடு வைப்பதில்லை. முழுப்பெயரும் முகவரியும் கேட்பதில்லை. அனோனிமஸ் என்ற சொல்லின் கருத்தே ‘பெயர் வெளியிடாதவர்’ என்பதுதான். அங்கே கண்டவரை, கேட்டதை வெளியே சொல்வதில்லை என்பது எல்லோருக்கும் பொதுவான கட்டுப்பாடு. வேறு குழுவானால், பெயர் பதிவார்களா, அதை யார் பார்ப்பார்கள் என்று முதலிலேயே கேளுங்கள். ஊர்க்காரர் கண்ணில் படத் தயக்கமாக இருந்தால், பக்கத்து ஊர்க் கூட்டத்துக்குப் போவதிலும் தவறில்லை.

கட்டணமும் இல்லை. ஏ.ஏ.யில் சேருவதற்கு ஒரேயொரு தேவைதான்: குடியை நிறுத்தும் விருப்பம். செலவுக்காக ஒரு தட்டு சுற்றி வரலாம். கையில் இல்லாவிட்டால் போடத் தேவையில்லை. கடவுளைப் பற்றி அங்கே பேச்சு வரும். ஆனால் எந்த மதத்தையும் சாராத கூட்டம் அது. சைவர், கிறிஸ்தவர், முஸ்லிம், நம்பிக்கை இல்லாதவர் என எல்லோரும் தங்களுக்கு விளங்கிய விதத்தில் அதை எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு முறை போய்விட்டு முடிவு செய்ய வேண்டாம். குறைந்தது ஐந்தாறு கூட்டங்களுக்குப் போய்ப் பாருங்கள். பணம் கேட்டு வற்புறுத்தினாலோ, வைத்தியர் கொடுத்த மருந்தை நிறுத்தச் சொன்னாலோ, உங்களை அவமதித்தாலோ, அந்தக் குழுவை விட்டு வேறொன்றைத் தேடுங்கள்.

கூட்டத்துக்கும் கூட்டத்துக்கும் இடையில்

கூட்டம் ஒரு மணி நேரம். கிழமையில் மீதி 167 மணி நேரம் உண்டு. அந்த நேரத்தைக் கடக்க, பழைய உறுப்பினர்கள் சொல்லும் சில வழிகள்:

இன்றைக்கு மட்டும். இனி வாழ்நாள் முழுக்கக் குடிக்கமாட்டேன் என்று சத்தியம் செய்வதை விட, இன்று படுக்கும் வரை குடிக்கமாட்டேன் என்று முடிவெடுங்கள். நாளைக்கு மறுபடி அதையே சொல்லுங்கள்.

முதல் கிளாஸ். பத்தாவது கிளாஸ் அல்ல, முதல் கிளாஸ்தான் ஆபத்து. அதைத் தொடாவிட்டால் மற்றவை வராது.

நான்கு நிலைகள். பசி, கோபம், தனிமை, களைப்பு. குடிக்கும் ஆசை எழும்போது இந்த நான்கில் எது இருக்கிறது என்று பாருங்கள். முதலில் அதைத் தீருங்கள். ஆசை அலை போல எழும்பி, சிறிது நேரத்தில் தணியும்.

ஒரு வழித்துணை. சில காலம் குடிக்காமல் இருக்கும் ஒருவரைத் தெரிவு செய்து, அவருடைய தொலைபேசி இலக்கத்தை வாங்கி வையுங்கள். குடித்த பிறகல்ல, குடிப்பதற்கு முன் அழையுங்கள். ஆண் ஆணையும் பெண் பெண்ணையும் வழித்துணையாகக் கொள்வது வழக்கம்.

மீள்குடியேறிய ஊரில் சில நாட்கள் கூடுதலாகக் கடினமானவை. சம்பள நாள், மீன் நன்றாகப் பட்ட நாள், வீட்டுத்திட்டப் பணம் வரும் நாள், செத்தவீடு, திருவிழா, உறவுகளை இழந்த நாட்களின் நினைவு. அந்த நாட்களை முன்கூட்டியே நாட்காட்டியில் குறியுங்கள். அன்று யாரோடு இருப்பீர்கள் என்று தீர்மானியுங்கள். செத்தவீட்டுக்குப் போனால் துக்கம் விசாரித்துவிட்டு, இரவு போத்தல் திறக்கும் முன் வந்துவிடுங்கள். வீடு கட்டும்போது மேசன்மாருக்குப் பின்னேரம் சாராயம் வாங்கிக் கொடுக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அதற்குப் பதிலாகச் சாப்பாடு அல்லது கூலியில் ஒரு சிறு கூட்டல் என்று வேலை தொடங்கும் முன்பே பேசி முடியுங்கள்.

குடும்பத்தவர்களுக்கு

அவர் குடிப்பதற்கு நீங்கள் காரணமில்லை. உங்களால் அவருடைய குடியைக் கட்டுப்படுத்தவும் முடியாது. ஆனால் சில விடயங்கள் உதவும், சில கெடுக்கும்.

• வெறியில் இருக்கும்போது வாதாட வேண்டாம். காலையில், நிதானத்தில் இருக்கும்போது கதையுங்கள்: “நேற்று பிள்ளை பயந்து அழுதவள். எனக்கும் பயமாயிருந்தது. வைத்தியசாலைக்குச் சேர்ந்து போவம்.”
• போத்தலை ஒளித்து வைப்பது, ஊற்றி விடுவது நிலைக்காது. திடீரென நிறுத்த வைப்பது ஆபத்தாகவும் முடியலாம்.
• அவருடைய குடிக்கடனை அடைக்காதீர்கள். வேலைக்குப் போகாததற்காக அவருக்காகப் பொய் சொல்லாதீர்கள்.
• உணவில் இரகசியமாக மருந்து கலக்காதீர்கள். குடியை வெறுக்கச் செய்யும் சில மாத்திரைகள், அவர் அறியாமல் கொடுத்து, பிறகு அவர் குடித்தால் உயிரையே எடுக்கலாம். அவரின் சம்மதத்துடன், வைத்தியரின் கண்காணிப்பில் மட்டுமே அவை கொடுக்கப்பட வேண்டும்.
• வீட்டுத்திட்டப் பணம் வரும் முன், நிதானமான ஒரு நாளில், அதை எப்படிக் கையாள்வது என்று இருவரும் பேசுங்கள். வங்கிக்குச் சேர்ந்தே போங்கள். கல், சீமெந்து, மணல் ஆகியவற்றுக்கு அன்றே செலுத்திப் பற்றுச்சீட்டு எடுங்கள்.
• அவர் கூட்டத்துக்குப் போக மறுத்தாலும், நீங்கள் குடும்பத்தவர் குழுவுக்கோ உளவளத்துணைக்கோ போகலாம். அதற்கு அவருடைய அனுமதி தேவையில்லை.

அடி உதை இருந்தால் அதைச் சகித்துக்கொள்ள வேண்டியதில்லை. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். இரவில் போகக்கூடிய ஒரு வீடு, அடையாள அட்டையும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழும் வைத்த ஒரு பை, கொஞ்சப் பணம் ஆகியவற்றை ஆயத்தமாக வையுங்கள்.

ஊரில் கூட்டம் இல்லாவிட்டால்

மீள்குடியேறிய பல கிராமங்களில் இதுதான் நிலை. 1935இல் தொடங்கியவர்களும் இரண்டு பேர்தான். குடியை விட விரும்பும் இரண்டு பேர் இருந்தால் தொடங்கலாம். இடமாகச் சனசமூக நிலையம், முன்பள்ளி, கோயில் மண்டபம் எதுவானாலும் சரி. தவறணைக்குப் போகும் வழியில் இல்லாமல் இருந்தால் நல்லது. கிழமையும் நேரமும் மாறக்கூடாது. ஒருவர் மட்டும் வந்தாலும் கதவு திறந்திருக்க வேண்டும். முதல் நாளிலேயே நான்கு விதிகளை ஏற்றுக்கொள்ளுங்கள்: கேட்டதை வெளியே சொல்வதில்லை, குறுக்கிடுவதில்லை, கடன் கொடுக்கல் வாங்கல் இல்லை, அரசியல் பேச்சு இல்லை. உளநலப் பிரிவுக்குத் தகவல் கொடுத்துவிட்டுத் தொடங்குங்கள். கடும் நடுக்கத்தோடு எவராவது வந்தால் எங்கே அனுப்புவது என்று தெரிந்திருக்க வேண்டும்.

மறுபடி குடித்துவிட்டால்

இது பலருக்கு நடக்கிறது. இவ்வளவு நாள் செய்தது எல்லாம் வீண் என்று நினைத்துத் தொடர்ந்து குடிப்பதுதான் பெரிய ஆபத்து. அடுத்த கூட்டத்துக்கே திரும்பிப் போங்கள். மறைக்காமல் சொல்லுங்கள். அங்கே உங்களைத் துரத்தமாட்டார்கள். அங்கிருப்பவர்களில் பலர் அதே வழியால் வந்தவர்கள். பல நாள் தொடர்ந்து குடித்திருந்தால் முதலில் வைத்தியரிடம் போங்கள்.

கதையில் வந்த அப்பாவும் நாலாம் மாதத்தில் ஒரு முறை வழுக்கினார். தம்பியின் நினைவு நாள் அன்று. மூன்று நாள் குடித்தார். நாலாம் நாள் அந்த வயதானவரே வீடு தேடி வந்து, வைத்தியசாலைக்குக் கூட்டிப் போனார். இந்த ஆண்டு அதே நினைவு நாளில் அவர் கூட்டத்தில் இருந்தார். தம்பியைப் பற்றி முதல் முறையாக வாய் திறந்து கதைத்தார். அத்திவாரம் முடிந்துவிட்டது, சுவர் எழும்புகிறது. கூரைக்கு இன்னும் காலம் செல்லும். சங்கிலி இன்னும் அடகில்தான் இருக்கிறது. மகள் இப்போது மாலையில் வீட்டிலிருந்து படிக்கிறாள்.

தொலைபேசி இலக்கங்கள்

1926 – தேசிய மனநல நிறுவனம், உளநல உதவி
1990 – இலவச அம்புலன்ஸ்
1938 – பெண்களுக்கான உதவி
1929 – சிறுவர்களுக்கான உதவி
119 – பொலிஸ் அவசர உதவி

உங்கள் பகுதிக் கூட்டத்தின் கிழமை, நேரம், இடம்: ........................
கடைசி பஸ்: ........................
வழித்துணையின் தொலைபேசி: ........................

வீட்டில் கதைத்துப் பாருங்கள்

1. எங்கள் வீட்டில் குடியினால் இந்த ஆண்டு செலவான பணத்தில் எத்தனை பை சீமெந்து வாங்கியிருக்கலாம்?
2. கூட்டத்துக்குப் போகத் தடையாக இருப்பது எது: வெட்கமா, பயமா, தூரமா? அதற்கு நாங்கள் என்ன செய்யலாம்?
3. இந்தக் கிழமை எடுக்கக்கூடிய முதல் அடி எது? யார், எந்த நாளில் விசாரிப்பது?